விசுவாசமுள்ள ஊழியன்: போர்க்காலக் கடிதங்களை வாசிப்பது பற்றி

1

புதுக்கோட்டையிலிருந்து வெளியூருக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் ஒரு தடவையாவது எதிர்கொள்ளும் கேள்வி இது: “கட்டபொம்மனைப் பிடிச்சுக் கொடுத்த ஊருதானே உங்க ஊரு?” கேலியாகக் கேட்கப்படுவதுதான். ஆனால் 1799-ல் நடந்த ஒரு கைதுக்கு, அரசனைத் தூரத்தில் நின்றுகூடப் பார்த்திராத ஒரு குடியானவனின் வம்சத்துப் பிள்ளை இன்றைக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. பதில்களும் தயாராகவே இருக்கின்றன. ஒன்று, ஆமாம், துரோகம்தான் என்று தலையைக் குனிந்துகொள்வது. இரண்டு, துரோகமில்லை, நேச அரசுக்குக் கொடுத்த வாக்கை மன்னர் காப்பாற்றினார் என்று நெஞ்சை நிமிர்த்துவது. மூன்று, கட்டபொம்மனே கொள்ளைக்காரன்தானே என்று பேச்சை மாற்றுவது. மூன்று கட்சிக்கும் ஆதாரமாக நீட்டப்படுவது ஒரே காகிதக் கட்டு. தொண்டைமான் அரண்மனைக்கும் சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்கும் இடையே போய்வந்த கடிதங்கள், கலெக்டர்களும் தளபதிகளும் எழுதிய அறிக்கைகள், சன்னதுகள்.

இந்த மூன்று பதில்களில் எது சரி என்று தீர்ப்பு எழுதுவது இங்கே நோக்கமில்லை. ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இந்த மூன்றும் அந்தக் காகிதங்களை ஒரே மாதிரிதான் வாசிக்கின்றன என்பதுதான் பிரச்சினை. கடிதம் என்பது எழுதியவன் மனசைத் திறந்து காட்டுகிற ஜன்னல் என்ற நம்பிக்கை மூன்றுக்கும் பொது. தொண்டைமான் ‘விசுவாசம்’ என்று எழுதினால் அவர் மனசில் விசுவாசம் இருந்தது. அதை அடிமைத்தனம் என்று ஒருவர் வைவார், வாய்மை என்று இன்னொருவர் புகழ்வார். அந்தச் சொல் அங்கே எப்படி வந்து உட்கார்ந்தது, யார் கையெழுத்தில், எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு மாறி, யார் படிப்பதற்காக என்ற கேள்விகள் கேட்கப்படுவதில்லை. போர்க்காலக் கடிதம் ஒரு சாட்சியம் என்பதற்கு முன்னால் அது ஒரு ஆயுதம். ஆயுதத்தை வைத்து அதைப் பிடித்தவனின் அந்தரங்கத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

2

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1799 செப்டம்பர் 5-ல் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்குகிறார். கோட்டையை விட்டுத் தப்பிய கட்டபொம்மனை எட்டயபுரத்துப் படை துரத்துகிறது. தானாபதி சுப்பிரமணிய பிள்ளை அகப்பட்டு, செப்டம்பர் 13-ல் நாகலாபுரத்தில் தூக்கிலிடப்படுகிறார். வடக்கே ஓடிவந்த கட்டபொம்மன் தொண்டைமான் சீமைக்குள் திருக்களம்பூர்ப் பக்கத்துக் காட்டில் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, கம்பெனியிடம் ஒப்படைக்கப்படுகிறான். அக்டோபர் 16, கயத்தாறு. அப்போது புதுக்கோட்டையை ஆண்டவர் விஜய ரகுநாத தொண்டைமான். ஆட்சிக்காலம் 1789 முதல் 1807 வரை.

கயத்தாற்றில் நடந்ததை நாம் அறிவது பானர்மேன் மறுநாள் அரசுக்கு எழுதிய கடிதத்தால். கால்டுவெல் தம் திருநெல்வேலி சரித்திரத்தில் (1881) அதை எடுத்துப் போட்டதால் அது பரவலாயிற்று. கட்டபொம்மன் அஞ்சவில்லை, எட்டயபுரத்தாரை ஏளனமாகப் பார்த்தான், கோட்டையை விட்டு வந்ததற்காக வருந்தினான் என்றெல்லாம் அதில் வருகிறது. மேடைகளில் கண்ணீரோடு சொல்லப்படும் வீரத்துக்கு எழுத்தில் கிடைக்கும் ஆகப் பெரிய சாட்சி, தூக்கிலிட்டவனின் கடிதம்! இதிலுள்ள விசித்திரத்தை நாம் கவனிப்பதில்லை. பானர்மேன் ஏன் அதை எழுதினார்? மற்ற பாளையக்காரர்களை வரவழைத்து, பார்க்கவைத்து அந்தத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. கயிறு எவ்வளவு முக்கியமோ பார்வையாளர்களும் அவ்வளவு முக்கியம். தூக்கில் தொங்கியவன் சாதாரண ஆள் இல்லை, ஆகவே பாடமும் சாதாரணமானது இல்லை என்று மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. எதிரியின் வீரத்தைப் புகழ்வது வென்றவனின் கணக்கில் வரவுதான். கடிதத்தில் உள்ளது பொய் என்று சொல்லவரவில்லை, உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த உண்மை ஒரு தேவைக்காகத்தான் தாளில் ஏறியது.

தொண்டைமான் பக்கக் கடிதங்கள் இன்னும் சிக்கலானவை. ராஜா ஒரு விஷயத்தைச் சொல்கிறார். ராயசக்காரர் அதை முறைப்படியான வாசகமாக எழுதுகிறார். தமிழிலோ மராத்தியிலோ பாரசீகத்திலோ போகும் அந்தக் காகிதத்தைச் சென்னையில் ஒரு துபாஷியோ மொழிபெயர்ப்பாளரோ ஆங்கிலமாக்குகிறார். குமாஸ்தா ஒருவர் அதைப் பேரேட்டில் படியெடுக்கிறார். இரண்டு நூற்றாண்டு கழித்து நாம் அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கிக்கொண்டு ‘மன்னர் சொன்னார்’ என்று மேற்கோள் காட்டுகிறோம். எத்தனை கை மாறிவிட்டது! இத்தனை கைகளிலும் மாறாமல் தங்குவது வாய்பாடு ஒன்றுதான். ‘தங்கள் தயவை நாடியிருக்கிறேன்’, ‘தங்கள் விசுவாசமுள்ள ஊழியன்’, ‘தங்கள் காரியமே என் காரியம்’ என்கிற மாதிரி வார்ப்புகள். நவாபு முகமது அலிக்கும் இதே வார்ப்பில்தான் எழுத வேண்டும், தஞ்சை ராஜாவுக்கும் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு இதே வார்ப்பில்தான். ஆக, வார்ப்பைப் பார்த்து மனசைச் சொல்வது, ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கும் எல்லாக் கடிதத்தையும் வைத்து எழுதியவன் சுகமாக இருந்தான் என்று முடிவு கட்டுகிற மாதிரி.

3

இதற்குச் சரியான சோதனை கட்டபொம்மனின் கடிதம்தான்.

1798 செப்டம்பர் 10, ராமநாதபுரம். கலெக்டர் ஜாக்சன் ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் அங்கே சந்திக்கிறார். கைகலப்பு, லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்படுகிறார், சுப்பிரமணிய பிள்ளை அகப்படுகிறார், கட்டபொம்மன் தப்புகிறான். இதுவரை எல்லோருக்கும் தெரியும். 1959-ல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தின் அந்தக் காட்சி வசனத்தை மனப்பாடமாகச் சொல்ல ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆனால் அதற்கு அப்புறம் நடந்தது எந்த வசனத்திலும் இல்லை. கட்டபொம்மன் நேரே சென்னை அரசுக்கு முறையிடுகிறான். ஜாக்சன் தன்னை அவமதித்தார், குற்றம் தன்னுடையதல்ல என்று. அரசு விசாரணைக் குழு போடுகிறது. கட்டபொம்மன் குழுவுக்கு முன்னால் ஆஜராகிறான். குழு ஜாக்சன் மேல் குற்றம் காண்கிறது. ஜாக்சன் பதவி இழக்கிறார், சுப்பிரமணிய பிள்ளை விடுவிக்கப்படுகிறார், லஷிங்டன் கலெக்டராக வருகிறார்.

அதாவது, விசுவாசத்தின் மொழியில் கட்டபொம்மனும் கம்பெனியிடம் பேசினான். பேசி ஜெயித்தும் காட்டினான். இதை எடுத்துச் சொன்னால் வீரனைச் சிறுமைப்படுத்துவதாகச் சிலருக்குக் கோபம் வரும். வேறு சிலருக்கோ சந்தோஷம் வரும்: ‘பாத்தீங்களா, அவனும் கும்பிட்டவன்தான்.’ இரண்டு பேரும் பழைய தவறையே செய்கிறார்கள். முறையீடு என்ற கடித வகைக்குள் நுழைகிற எவனும் அப்படித்தான் எழுத முடியும். 1798-ல் கட்டபொம்மனும் தொண்டைமானும் ஒரே வாசகத்தில் நிற்கிறார்கள், 1799-ல் ஒருவர் ஆட்கள் மற்றவரைப் பிடிக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைக் கடிதத்துக்குள் தேடினால் கிடைக்காது. அது கடிதத்துக்கு வெளியே, நிலத்தில் இருக்கிறது.

நிலம் என்றால்? புதுக்கோட்டைச் சீமையில் படைவீரன் மாதச் சம்பளக்காரன் இல்லை. அமரம், ஜீவிதம் என்று பல பெயர்களில் மானிய நிலம் பெற்றவன். நிக்கலஸ் டெர்க்ஸ் 1987-ல் வெளியிட்ட நூலில் இந்தச் சிற்றரசின் அடித்தளமே மானியமும் மரியாதையும்தான் என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். நம்மிடம் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: செஞ்சோற்றுக்கடன். அது சோறு போட்டவனுக்கும் சாப்பிட்டவனுக்கும் இடையில் முகம் பார்த்துத் தீர்க்கிற கடன். திருக்களம்பூர்க் காட்டில் வலை போட்டவனுக்குக் கம்பெனி யார், லஷிங்டன் யார்? தனக்கு வயலும் கோயிலில் முதல் மரியாதையும் தந்த தொண்டைமானின் உத்தரவு அது, அவ்வளவுதான். மேலே அரண்மனைக்கும் சென்னைக்கும் இடையே ஓடுவது தாளில் எழுதிய விசுவாசம். கீழே அரண்மனைக்கும் நாட்டுக்கும் இடையே ஓடுவது நிலத்தில் எழுதிய கடன். இரண்டும் ஒரே சொல் அல்ல. ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நமது தேசிய வரலாறும் சாதி வரலாறும் அந்த ஒன்றாகிப்போன சொல்லையே திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டன.

4

விசுவாசி, துரோகி என்ற சொற்கள் ஒரு போரின் முடிவைப் பொறுத்து எப்படி ஆடை மாற்றிக்கொள்கின்றன என்பதைப் பார்க்க இதே கம்பெனியின், இதே அரசின் இன்னொரு களத்துக்குப் போகலாம். 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் அமெரிக்கரிடம் சரணடைந்த கார்ன்வாலிஸ்தான் 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். அந்தப் போரில் பிரான்ஸ் இறங்கியதால்தான் இங்கே ஹைதர் காலத்தில் சோழமண்டலக் கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள் திரிந்தன. ஆக, இது ஏதோ தூரதேசத்து ஒப்புமை இல்லை. ஒரே பேரேட்டின் இரண்டு பக்கம்.

அமெரிக்கப் போரில் பிரிட்டிஷ் ராஜாவின் பக்கம் நின்ற குடியேறிகளை அங்கே ‘விசுவாசிகள்’ என்றே அழைத்தார்கள். போர் தோற்றதும் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். பலர் போய்ச் சேர்ந்தது நோவா ஸ்கோஷியா முதலிய இடங்கள், இன்றைய கனடா. எல்லைக்கு இந்தப் பக்கம் அவர்கள் துரோகிகள். அந்தப் பக்கம் நாட்டை நிறுவிய முன்னோர்கள், பட்டம் போட்டுக்கொள்ளும் பரம்பரை. ஆட்கள் அதே ஆட்கள்தான். அவர்கள் மனசில் இருந்ததும் மாறிவிடவில்லை. மாறியது எல்லைக்கோடு.

இழப்பீடு கேட்ட விசுவாசிகளுக்காக 1783-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு ஆணையம் அமைத்தது. வந்து குவிந்த மனுக்களில் வீடு, நிலம், மாடு, தட்டுமுட்டுச் சாமான் என்று பட்டியல். கூடவே, இழந்த சொத்துக் கணக்கில் அடிமைகளும். அதே 1783-ல் நியூயார்க்கை விட்டுப் போகும் பிரிட்டிஷ் அதிகாரிகள் இன்னொரு ஏடு தயாரித்தார்கள். அவர்கள் பக்கம் ஓடிவந்து விடுதலை வாக்குறுதி பெற்ற சுமார் 3,000 கறுப்பர்களின் பெயர், வயது, அடையாளம், முன்னாள் எஜமான் யார் என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு. ஒரு காகிதத்தில் கறுப்பன் இழந்த பொருள். இன்னொன்றில் கப்பலேறும் மனிதன். இரண்டையும் எழுதவைத்தது ‘விசுவாசம்’ என்ற ஒரே சொல்தான். எஜமானின் விசுவாசத்தில் அவன் சொத்தாக இருக்கிறான், தன்னுடைய விசுவாசத்தில் விடுதலையை விலைபேசுகிறான். போர்க்கால விசுவாசத்தை மனசின் குணமாகப் படிக்கிறவர்களுக்கு இந்த இரண்டு ஏடுகளும் போதும்.

தொண்டைமானுக்குக் கிடைத்த இழப்பீட்டுக் காகிதமும் ஒன்று உண்டு. 1803-ல் கம்பெனி கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த பகுதியையும் கொடுத்தது. தஞ்சை அரசிடமிருந்து முன்பே தமக்கு வந்திருக்க வேண்டியது அது என்பது தொண்டைமான்களின் நெடுநாள் வாதம். நிபந்தனைகள் சுவாரசியமானவை. வருஷத்துக்கு ஒரு யானை கப்பம். அந்த யானை ஒருபோதும் கேட்டு வாங்கப்படவில்லை. 1836-ல் முறைப்படி தள்ளுபடியும் ஆயிற்று. முப்பத்து மூன்று வருஷம் காகிதத்தில் மட்டும் நடந்த யானை! ஆனால் அது வீண் யானை இல்லை. யார் பெரியவர் என்பதைச் சொல்ல அது நிஜமாக வரவேண்டிய அவசியமில்லை. இன்னொரு நிபந்தனை: நிலத்தைப் பிறருக்குக் கைமாற்றக் கூடாது. அதோடு, அங்குள்ள குடிகள் கொடுங்கோன்மையால் துன்பப்படுகிறார்கள் என்று நிரூபணமானால் நிலம் கம்பெனிக்கே திரும்பிவிடும்.

இந்தக் கடைசி வாசகத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். இத்தனை காகிதப் போக்குவரத்தில் குடிகள் எட்டிப்பார்க்கும் இடம் இது. எப்படி? நிபந்தனையாக. அவர்கள் துன்பம் அவர்களுக்காகச் சொல்லப்படவில்லை. நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு சாக்காக, எதிர்காலத்துக்கான முன்ஜாக்கிரதையாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

5

அப்படியானால் குடிகள் மற்ற இடங்களில் எங்கே இருக்கிறார்கள்? எண்களில்.

1750-களில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் போர். உள்ளே ஆங்கிலேயரும் முகமது அலியும், வெளியே பிரெஞ்சுக்காரர்கள், சந்தா சாகிபு, அப்புறம் மைசூர் நஞ்சராஜா. கோட்டைக்குள் இருந்தவர்கள் பட்டினி கிடக்காமல் பிழைத்ததற்குப் பெரிய காரணம் தொண்டைமான் காடுகளின் வழியாக இரவோடு இரவாக வந்த தானியமும் ஆடுமாடுகளும். ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாறு முழுக்க இந்தப் பொதிமாடுகளின் நடமாட்டம்தான். ‘நாட்டுக் கடிதப் போக்குவரத்து’ என்ற பெயரில் அச்சான புனித ஜார்ஜ் கோட்டை ராணுவத் துறைத் தொகுதிகளைப் புரட்டினால் நவாபு, தஞ்சை, மைசூர், தொண்டைமான் என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் அரிசியைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள். வீரம் குறைவு, அரிசி அதிகம்.

1754-ல் பிரெஞ்சுத் தரப்புப் படை இந்த உதவிக்குத் தண்டனையாகத் தொண்டைமான் சீமைக்குள் புகுந்தது. சனங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு அடர்ந்த காட்டுக்குள் போய்விட்டார்கள். படைக்குக் கிடைத்தது காலி ஊர்கள். எரித்தார்கள். ஓர்ம் இதை ஒன்றிரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு அடுத்த முகாமுக்குப் போய்விடுகிறார். கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். ஊரைக் காலி பண்ணுவது என்றால் என்ன? விதைநெல்லை எங்கே புதைப்பது, கிழவியை யார் தூக்குவது, கன்று போட்ட பசு காட்டில் கத்தினால் என்ன செய்வது, திரும்பி வந்தால் கூரைக்கு ஓலை ஏது? தொண்டைமானின் ‘விசுவாசம்’ என்று கடிதத்தில் பதிவான அந்த அரிசி இவர்கள் குதிரிலிருந்து போனது. தண்டனையும் இவர்கள் கூரைக்குத்தான் வந்தது. இடையில் இவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த மௌனம் எல்லாப் போருக்கும் பொதுவானதா என்றால், முழுக்க அப்படியும் இல்லை. இதே காலத்தில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தமிழில் தினசரி எழுதிவந்தார். 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது சனங்கள் அலறியடித்துக்கொண்டு ஓடியதும், வதந்திகளும், விலைவாசியும் பேச்சுத் தமிழ் கலந்த அந்த நடையில் உயிரோடு இருக்கின்றன. ஆனால் அவர் தலைமைத் துபாஷி. மாளிகையின் மாடியிலிருந்து பார்க்கிறவர். அமெரிக்கப் பக்கம் அபிகேல் ஆடம்ஸ், காங்கிரசில் இருந்த கணவர் ஜானுக்குப் பண்ணை வீட்டிலிருந்து எழுதிய கடிதங்கள் புகழ் பெற்றவை. 1775-ல் ஊரில் பரவிய சீதபேதி, ஏறிப்போன விலை, கிடைக்காத குண்டூசி எல்லாம் அதில் வருகின்றன. குண்டூசிப் பஞ்சத்தை எந்தத் தளபதியும் எழுதியதில்லை. ஆனால் அதற்கு எழுதத் தெரிந்த ஒரு பெண் வேண்டியிருந்தது. கடிதத்தைப் பத்திரப்படுத்தும் ஒரு குடும்பமும் வேண்டியிருந்தது.

எழுதத் தெரியாதவன் பேச்சு எப்படித் தாளில் ஏறும்? அங்கே ஒரு வழி நேர்ந்தது. 1832-ல் அமெரிக்க அரசு ஒரு ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் போரில் சேவை செய்தவர்கள் கேட்கலாம். கையில் அத்தாட்சி இல்லாதவர்கள் நீதிமன்றத்தில் வந்து தங்கள் கதையைச் சத்தியம் செய்து சொல்லலாம். எழுபது எண்பது வயதுக் கிழவர்கள் வந்தார்கள். எந்த மாதம் எந்த ஆற்றைக் கடந்தோம், கேப்டன் பெயர் என்ன, காலில் செருப்பு இருந்ததா என்றெல்லாம் சொல்லச் சொல்ல குமாஸ்தா எழுதிக்கொண்டார். விதவைகள் கல்யாணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளில் பிறப்பு இறப்பு எழுதிய தாளைக் கிழித்துக் கொடுத்தார்கள். அந்தத் தாள்கள் இன்றும் கோப்புகளில் இருக்கின்றன. இவையும் ஜன்னல் இல்லை. காசு வேண்டும் என்பதால் சொன்ன கதை, குமாஸ்தா திருத்திய கதை. ஆனாலும் ஒரு ஸ்தாபனம் சாதாரண சிப்பாயைப் பார்த்து ‘நீ என்ன செய்தாய், சொல்’ என்று கேட்டது. கேட்டதால் பதிலும் இருக்கிறது. ஆவணக் காப்பகத்தின் மௌனம் என்பது பேசாதவனின் மௌனமில்லை, கேட்காதவனின் மௌனம்.

புதுக்கோட்டையில் யாராவது கேட்டார்களா? ஒரு வகையில், கேட்டார்கள். திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில், 1888-ல் வந்த இனாம் செட்டில்மெண்ட். உன் பாட்டனுக்கு இந்த நிலம் எதற்காகக் கிடைத்தது, என்ன சேவை, ஆதாரம் என்ன? அமரக்காரர்களின் வாரிசுகள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் கேள்வியின் திசை நேர் எதிர். அங்கே போரை நினைவுகூர்ந்தால் பணம் கிடைக்கும். இங்கே படைச் சேவை இனித் தேவையில்லை, ஆகவே மானியத்துக்கு வரி. அங்கே பேச வைத்தது கேள்வி, இங்கே வாயை அடைத்தது. இருந்தாலும் அந்தப் பதிவேடுகள்தான் தொண்டைமான் சீமையின் போர்வீரர்கள் பெயரோடும் ஊரோடும் சர்வே நம்பரோடும் நம்மைச் சந்திக்கிற இடம். கட்டபொம்மன் பற்றிய விவாதத்தில் அரண்மனைக் கடிதத்தை மேற்கோள் காட்டும் எத்தனை பேர் இனாம் ரிஜிஸ்தரைத் தொட்டிருப்பார்கள்?

6

கடிதத்தின் இந்த வார்ப்பையே உடைத்த ஒரு காகிதமும் நம்மிடம் உண்டு. 1801 ஜூனில் சின்ன மருது பெயரில் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்ட அறிக்கை. அதன் வீராவேசம் பற்றி நிறையப் பேசியாயிற்று. அதன் முகவரி பற்றி யாரும் பேசுவதில்லை. அது மேலே இருக்கும் யாருக்கும் எழுதப்படவில்லை. எந்தத் தயவையும் நாடவில்லை. இதைப் பார்க்கிற எவனும் கவனித்துப் படிக்க வேண்டும், எழுதி நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும், அப்படிப் பரப்பாதவனுக்குப் பாவம் என்கிறது. ஓலை கையிலிருந்து கைக்குப் போகும், சுவர் அப்படியில்லை. ‘விசுவாசமுள்ள ஊழியன்’ என்ற கையெழுத்திலிருந்து வெளியே வர ஒரே வழி முகவரியை மாற்றுவதுதான் என்று அதை எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்காக அதையும் புனிதமாக்கிவிட வேண்டாம். அது கூப்பிடுகிறவர்கள் பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள். வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றால் தன் பெயரை அதில் காணமாட்டான். பெண்ணும் காணமாட்டாள். பசுவைக் கொன்ற பாவம் பற்றிய மிரட்டல் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. இன்னொன்று, நம் கைக்கு வந்திருப்பது கம்பெனி தன் உபயோகத்துக்காகச் செய்துகொண்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே வந்த வாசகம். மேடையில் முழங்கப்படும் தமிழ் அதிலிருந்து திரும்பிவந்த தமிழ். கலகக்காரனின் குரலையும் எதிரியின் குமாஸ்தாதான் காப்பாற்றித் தந்திருக்கிறான். அந்த அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில். 1802-ல் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

இனி, எழுதப்படாத ஆவணம் ஒன்று. புதுக்கோட்டைக்குத் தெற்கே திருமயத்தில் ஒரு கோட்டை. 1687-ல் கிழவன் சேதுபதி கட்டியது என்பது வரலாறு. பின்னால் தொண்டைமான் சீமைக்குள் வந்தது. அதைச் சனங்கள் சொல்வது ‘ஊமையன் கோட்டை’ என்று. ஊமைத்துரை அங்கே ஒளிந்திருந்தான் என்பார்கள். சிறைவைத்திருந்தார்கள் என்றும் சொல்வதுண்டு. நிஜமாகவே வந்தானா என்பதை விட்டுவிடலாம். அரண்மனை கம்பெனிக்கு விசுவாசமாக இருந்த சீமைக்குள்ளேயே, அரண்மனையின் கோட்டைக்கே, கம்பெனி தூக்கில் போட்டவனின் பெயரைச் சனங்கள் வைத்து, பேசிப் பேசி நிலைநிறுத்தியிருக்கிறார்கள். சன்னதில் ‘துன்பப்படுகிற குடிகள்’ என்ற நிபந்தனையாக மட்டும் இருந்தவர்கள் போட்ட கையெழுத்து இது. துரோகம் செய்த ஊர், விசுவாசமான ஊர் என்ற இரண்டு பலகைகளையும் இந்த ஒரு பெயர் சாய்த்துவிடுகிறது. ஊர் என்பது அரண்மனை அல்ல. அரண்மனை எழுதிய கடிதத்தில் ஊர் கையெழுத்துப் போடவில்லை.

7

எட்டயபுரத்தார் பெயர் தமிழில் துரோகிக்குப் பொதுப்பெயராகிவிட்டது. பிடித்துக் கொடுத்தது தொண்டைமானின் ஆட்கள் என்பது தெரிந்தும் அகராதியில் ஏறியது ‘எட்டப்பன்’தான். சரித்திரம் எப்படிச் சொல்லாகிறது என்பதில் ஆவணத்தைவிட நாடகமேடைக்கும் சினிமாவுக்கும் கை அதிகம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. ஆனால் இதற்கு மாற்று, புதிய துரோகிகளை நியமிப்பதோ பழைய துரோகிகளுக்குச் சிலை வைத்து நேர்செய்வதோ இல்லை. இன்றைக்கு ஒவ்வொரு சாதியும் தனக்கு ஒரு போர்வீரனையும் பக்கத்துச் சாதிக்கு ஒரு காட்டிக்கொடுத்தவனையும் ஒதுக்கிக்கொண்டிருக்கிறது. ஜெயந்தி, குருபூஜை, சுவரொட்டி எல்லாம் இந்த ஒதுக்கீட்டின் மேல்தான் நடக்கின்றன. 1799-ன் கடிதம் அரசியல் மேடையில் ஜாதகம் போலப் படிக்கப்படுகிறது. அந்த வாசிப்பின் பலனை அனுபவிப்பவன் அரண்மனைவாசி இல்லை. பேருந்து நிறுத்தத்தில் அடிபடுகிற பையன்.

ஆகவே நமக்கு வேண்டியது இன்னும் உரத்த தீர்ப்பு இல்லை, வேறு மாதிரி வாசிப்பு. ஒரு போர்க்காலக் காகிதம் கையில் வந்தால் முதலில் கேட்க வேண்டியவை: இது யாருக்கு எழுதப்பட்டது, எத்தனை மொழி மாறி வந்தது, எதைப் பெறுவதற்காக? அப்புறம், இதில் எண்ணாக மட்டும் இருப்பவர்கள் யார்? அந்த எண்களைப் பெயராக்கக்கூடிய ஏடு வேறெங்காவது இருக்கிறதா? இனாம் பதிவேட்டில், கோயில் மரியாதைத் தகராறு வழக்கில், வீட்டுப் பரணில் கிடக்கும் ஓலையில், கோட்டைக்கு வைத்த பட்டப்பெயரில்? புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3-ல் இந்திய யூனியனில் இணைந்தது. 1974-ல் தனி மாவட்டமானது. அரண்மனை இன்று கலெக்டர் ஆபீஸ். மனுக்கள் அதே கட்டடத்துக்குத்தான் போகின்றன. ‘இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள’ என்றுதான் இன்றும் முடிகின்றன. அதைப் படித்துவிட்டு மனு கொடுத்தவள் கலெக்டர்மேல் விசுவாசமாக இருந்தாள் என்று நாளைக்கு ஒரு ஆராய்ச்சியாளன் எழுதினால் நாம் சிரிக்கமாட்டோமா?